சப்ரகமுவத் தோட்டங்களின் மரபுரிமைக் காப்பு

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும், மரபுரிமை என்று பேணப்படுபவை பெரும்பாலும் பிரதானிகளின் மாளிகைகளான வலவ்வைகளும் விகாரைகளுமே. இரத்தினபுரி தேசிய அருங்காட்சியகம் 1988 முதல் எஹெலபொல வலவ்வையில் இயங்குகிறது. கண்டி இராச்சியத்தின் இறுதிக் காலத்தில் சப்ரகமுவத் திசாவையாக (மாகாண ஆளுநராக) இருந்தவரின் இல்லம் அது. மாணிக்கப் படிவுகளில் கிடைத்த விலங்குப் புதைபடிவங்கள் வரை அங்கே வைக்கப்பட்டுள்ளன. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் வாழ்ந்துவரும் தமிழருக்கோ இந்தக் காப்பில் மிகச் சிறிய இடமே கிடைத்திருக்கிறது.

இதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டலாம். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2-க்கு முற்பட்டவற்றையே தொன்மைச் சின்னங்கள் என வரையறுத்தது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. பெருந்தோட்டங்கள் எல்லாமே அதற்குப் பிந்தியவை. ஆனால் பிற்காலக் கட்டடங்களையும் தனி அறிவித்தல் மூலம் பாதுகாக்க அதே சட்டம் வழிவிட்டிருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தின் கொலொன்னைப் பகுதியில் உள்ள மதுவன்வெல வலவ்வையைப் பாருங்கள்: 121 அறைகள், 21 முற்றங்கள் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் அந்த மாளிகை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்த அளவுக்கு விரிந்தது. தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் எழுந்த காலமும் அதுதான். ஆகவே தடை கட்டடத்தின் வயதில் இல்லை. யாருடைய வீடு என்பதில் இருக்கிறது.

பேணுவதற்கு அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு லயத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணை, அடுப்புப் புகையில் கறுத்த சுவர். வெளியே ஆளெண்ணும் பெரட்டுக் களம், அப்பால் ஸ்டோர் என்னும் தொழிற்சாலை, பால்வெட்டுக் கத்தி, பால் வாளி. இவற்றைவிட முக்கியமானவை காகிதங்கள்: பற்றுச்சீட்டு, ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியின் கணக்கு, தொழிலாளியின் கடனை எழுதி ஆளையே கைமாற்றிய துண்டு. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; அதற்குச் சாட்சியான தாள்கள் ஒழிந்துபோக விடுவது வேறு கதை. தேவாலயங்களின் பங்கும் இங்கேதான் வருகிறது. அங்கிலிக்கர்களின் தமிழ்க் கூலி மிஷன் மலைநாட்டில் 1854-இல் தொடங்கியது. கத்தோலிக்கருக்கு இவ்விரு மாவட்டங்களையும் உள்ளடக்கி 1995-இல் இரத்தினபுரி மறைமாவட்டம் அமைந்தது. ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் ஒரு குடும்பத்தின் பெயர்களைத் தேதியோடு தாங்கி நிற்பவை. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மக்களுக்கு இத்தகைய தாளின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஓகஸ்ட் வன்செயல்களில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டார்கள். வீட்டைவிட்டு ஓடுகிறவர் பெட்டியில் கிடக்கும் பழைய தாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

லயன் அடிமை வாழ்வின் அடையாளம், அதை இடித்துத் தள்ளுவதே நியாயம் என்பது வலுவான மறுப்பு. குடியிருக்கும் லயத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. காணியும் தனிவீடும் கேட்பவர்களிடம் மரபுரிமை என்று சொல்லிப் பழைய கூரையைக் காட்டுவது கொடுமை. ஆயினும் ஆள் நீங்கிய ஒரு லயத்தை வைத்திருப்பதால் எவர் வீடும் நின்றுபோவதில்லை. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்துப் பழைய லயமொன்றில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் நடைபெறுகின்றன. கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறதே என்றால், 1925-ஆம் ஆண்டின் தொழிற்சாலையில் அமைந்த அதன் கவனம் இயந்திரங்களிலும் ஜேம்ஸ் டெய்லர் போன்ற முன்னோடித் துரைமாரிலும் இருக்கிறது. இறப்பரோ இரண்டிலும் மையப் பொருள் அல்ல. கேகாலைத் தோட்டங்களின் கதையில் பாதி இறப்பர். அதைச் சொல்லும் இடம் சப்ரகமுவவிலேயே அமைவதுதான் பொருத்தம். கட்டடம் கிடைக்கும்வரை கோயில், தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்து வைக்கலாம். மழை மிகுந்த இந்த மாவட்டங்களில் கருங்கல் சுவரை முந்திக்கொண்டு காகிதம்தான் முதலில் போகும்.