தகான் மலைக்காடு காவலுக்கு வந்த வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு, பகாங் மாநிலத்தில் உள்ள தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். கோலா தகானில் படகை விட்டு இறங்கி, நுழைவுச் சீட்டுக்காகக் காத்து நின்ற வேளையில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், இங்கே பால்மரமும் இல்லை, செம்பனையும் இல்லை. வெறும் காடுதானே? இதுக்கு எதுக்கு சார் காவல்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான் அது. அந்தக் கேள்விக்குரிய விடையை இன்று நாம் வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நம்மவர்க்குக் காடு என்பது பகையாகவே அறிமுகமானது. பெருமரங்களை வெட்டி வீழ்த்தும் வேலையைப் பல இடங்களில் மலாய்க்காரர்களும், ஜாவாக்காரர்களும், சீனக் குத்தகைக்காரர்களும் செய்தனர். எரிந்து கரியாய்க் கிடந்த நிலத்தில் குழி வெட்டி, ரப்பர்க் கன்று நட்டு, காடு மீண்டும் தலை தூக்காதபடி ஆண்டு முழுதும் களையெடுத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். காட்டோரத் தோட்டங்களில் யானைக் கூட்டம் இறங்கினால் ஓர் இரவில் கன்றுகள் நாசமாகும். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி, தீப்பந்தம் காட்டி, விடிய விடியக் கண் விழித்துக் காவல் இருந்த கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டத்தைக் காட்டிடமிருந்து காப்பது அவர்கள் அறிந்த காவல். காட்டை மனிதரிடமிருந்து காப்பது என்ற எண்ணம் பிறந்தது எப்படி?

தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலை குனோங் தகான். உயரம் 2,187 மீட்டர். பகாங்கும் கிளந்தானும் சந்திக்கும் எல்லையில், நாலாபக்கமும் அடர்ந்த காடு சூழ நிற்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அந்த மலை நெடுநாள் பிடிகொடுக்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில் தகான் ஆற்று வழியே புறப்பட்டு, மலையை எட்டாமலே திரும்பியவர்களில் ஒருவர் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநர் ரிட்லி. ஆம், 'ரப்பர் நடுங்கள்' என்று கண்டவரிடமெல்லாம் சொல்லி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவரேதான். மரம் பட்டுப்போகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவரும் அவரே. மலாயாவின் காட்டைத் தோட்டமாக மாற்றிய பயிருக்காக அத்தனை பாடுபட்ட மனிதர், செடி கொடிகளைத் தேடி இந்தக் காட்டுக்கும் வந்திருக்கிறார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

1905-ஆம் ஆண்டில் ராபின்சன் என்ற அரும்பொருளகக் காப்பாளர் தலைமையில் சென்ற குழுவே உச்சியை அடைந்தது. அந்த உச்சியில் முதலில் கால் வைத்தவர்கள் அக்குழுவில் இருந்த நான்கு மலாய்க்காரர்கள். மாட், பூலாங், ஓமார், சே நிக் என்பன அவர்கள் பெயர்கள். துரைமாரின் பெயர் மட்டுமே எஞ்சுவது வழக்கமான அக்காலத்தில், இந்த நான்கு பெயர்கள் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம்.

அதே 1905-இல் ஒரு நூலும் வெளிவந்தது. மலாய் மாநிலங்களில் யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடுவது பற்றிய ஆங்கில நூல் அது. எழுதியவர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். 1890-களில் மலாயாவுக்கு வந்தவர், தோட்டத் தொழிலிலும் ஈடுபட்டவர். குறி தவறாத வேட்டைக்காரர் என்று பெயர் பெற்றவர். தேசியப் பூங்காவின் கதையில் நாம் நின்று பேசவேண்டிய மனிதர் இவரே.

வேட்டைக்காரன் விலங்குகளின் நண்பன் ஆவானா என்று நாம் கேட்கலாம். ஆனால் விலங்கு குறைந்து வருவதை முதலில் உணர்பவனும் வேட்டைக்காரன்தான். 1909, 1910-ஆம் ஆண்டுகளில் ரப்பர் விலை வானளவு ஏறியது. மேற்குக் கரைச் சமவெளிக் காடுகள் அதிவேகமாகத் தோட்டங்களாயின. யானைகள் நடந்த பழைய தடங்களில் பால்மரங்கள் நின்றன. தடம் மாறத் தெரியாத யானை கன்றை மிதித்தது. பயிருக்குச் சேதம் என்று சொல்லி அதைச் சுட்டார்கள். காண்டாமிருகத்தின் நிலை இன்னும் மோசம். அது பயிருக்கு வரவே இல்லை. மருந்துக்கடையில் அதன் கொம்புக்கு இருந்த விலையே அதற்கு எமனாயிற்று. இவற்றையெல்லாம் கண்ட ஹப்பேக், 1920-களில் பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காவலராகப் பொறுப்பேற்று, அரசாங்கத்துக்கு ஓயாமல் எழுதத் தொடங்கினார். அதிகாரிகள் பலருக்கு அவர் தலைவலியாக இருந்தார் என்றே சொல்லவேண்டும்.

பாதுகாக்கப்பட்ட காடுகள் அதற்கு முன் மலாயாவில் இல்லாமல் இல்லை. பேராக்கில் சியோர் என்னும் இடத்தில் 1903-லேயே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. பகாங்கில் கெராவ் சரணாலயம் 1923-இல் வந்தது. 1925-இல் குனோங் தகானைச் சுற்றி ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர் நிலம் வனவிலங்கு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஓர் அறிவிப்பால் ஒதுக்கியதை மற்றோர் அறிவிப்பால் எடுத்துவிடலாம் அல்லவா? ஹப்பேக்கின் கவலை அதுதான்.

1930-இல் அரசாங்கம் மலாயா வனவிலங்கு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்து, அதை ஹப்பேக்கிடமே ஒப்படைத்தது. பல மாநிலங்களிலும் சாட்சியம் எடுக்கப்பட்டது. தோட்டத் துரைமார்கள் வந்தனர், மாவட்ட அதிகாரிகள் வந்தனர், நெல் வயலைப் பன்றியிடம் இழந்த கம்பத்து மக்களும் வந்தனர். எல்லாரும் விலங்குகளின் பக்கம் பேசவில்லை. உழைத்த உழைப்பு ஓர் இரவில் போகும்போது யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். 1932-இல் வெளிவந்த அறிக்கை மூன்று பெரும் தொகுதிகள் கொண்டது. அதன் முக்கியமான வாதம், பயிரும் விலங்கும் ஒரே நிலத்தில் நிம்மதியாக வாழ முடியாது; ஆகவே விலங்குக்கென்று, யாரும் திருப்பி எடுக்க முடியாத நிலம் ஒன்று வேண்டும் என்பதாகும்.

அறிக்கை வந்த நேரம் உலகப் பொருளாதார மந்தக் காலம். ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள் அவை. மனிதருக்கே கஞ்சி இல்லாதபோது காட்டு விலங்குக்கு யார் செலவழிப்பார்? காரியம் தள்ளிக்கொண்டே போயிற்று. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா வந்தது. மன்னர் பெயரால் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற பேச்சு எழ, பூங்காத் திட்டத்துக்கு அது வழியாயிற்று. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலச் சுல்தான்களும் தத்தம் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க இசைந்தனர். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. மொத்தப் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பாதிக்கு மேல் பகாங்கில் இருக்கிறது. அந்த மண்ணுக்குரிய விலங்குகளையும் தாவரங்களையும் காப்பதற்கென்று நிலம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா என்று வைத்த பெயர், நாடு விடுதலை பெற்ற பிறகு தாமான் நெகாரா என்று மாறியது.

இந்தக் காட்டின் வயது 13 கோடி ஆண்டு என்று விளம்பரத் தாள்களில் எழுதியிருப்பார்கள். அதற்குச் சட்டக் காவல் கிடைத்து இன்னும் 100 ஆண்டுகூட ஆகவில்லை.

சட்டம் வந்த மூன்றே ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தனர். ஹப்பேக் 1942-இல் காலமானார். பூங்காவுக்கு மக்களைக் கொண்டு சேர்த்தது கெமாசிலிருந்து கிளந்தான் செல்லும் இரயில் பாதை. அதன் தண்டவாளங்களில் நெடுந்தூரம் பெயர்க்கப்பட்டு, சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்தத் தண்டவாளங்கள் போன இடத்துக்கே நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர். திரும்பாதவர்களின் பெயர்கள் இன்றும் பல குடும்பங்களில் நினைவுநாளில் சொல்லப்படுகின்றன. போர் முடிந்த பின்னரே பாதை மறுபடி போடப்பட்டது.

அதன் பிறகு பூங்காவுக்கு வந்த பெரிய சோதனை தெம்பிலிங் அணைக்கட்டுத் திட்டம். மின்சாரத்துக்காகத் தெம்பிலிங் ஆற்றில் அணை கட்டுவது பற்றி 1970-களில் பேச்சு எழுந்தது. கட்டியிருந்தால் பூங்காவின் தாழ்நிலக் காட்டில் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். யானையும் தாப்பிரும் மிகுதியாக உலவுவது அந்தத் தாழ்நிலத்தில்தான், மலை உச்சியில் அல்ல. மலாயா இயற்கைக் கழகமும் சஹாபாட் ஆலாம் மலேசியா போன்ற இயக்கங்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 1980-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 'நிரந்தரமாக' என்று சட்டத்தில் எழுதிய சொல் தானாக நிற்பதில்லை. அதைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டியிருந்தது.

இனி, இந்தக் காட்டைக் காணச் செல்வது பற்றிக் கொஞ்சம் சொல்வோம். ஜெராண்டுட் பட்டணத்திலிருந்து இப்போது கோலா தகானுக்குச் சாலை இருக்கிறது. ஆயினும் கோலா தெம்பிலிங் துறையில் நீண்ட படகு ஏறி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆற்று வழியே செல்வதைத்தான் நாங்கள் சொல்வோம். மூன்று மணி நேரம் ஆகும். முதலில் கம்பங்களும் எருமைகளும், பிறகு பச்சைச் சுவர் போலக் காடு.

மலையேறுவது பிள்ளைகளுக்கு உரியதன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நாட்களில் நண்பர்களோடு நாங்கள் ஏறியிருக்கிறோம். போக வர ஏழு நாள். தகான் ஆற்றை எத்தனை தடவை கடந்தோம் என்று எண்ணுவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டோம். அட்டைக்கடிக்குப் புகையிலை நீர் தேய்த்தது பாதிதான் பலித்தது. கீழே, அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் உயரத்தில் மெராந்தியும் கெருயிங்கும் தூவாலாங்கும் நிற்கின்றன. மேலே ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, கிளையெல்லாம் பாசி போர்த்தி, எப்போதும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே மண் வறண்டு, பாறையும் புதருமாய் வெளி திறக்கிறது. மலாய்க்காரர் 'பெரியுக் கெரா', அதாவது குரங்குப் பானை என்று சொல்லும் குடுவைச் செடி காலடியிலேயே வளர்கிறது. உலகில் இந்த மலையில் மட்டுமே உள்ள ஒரு விசிறிப் பனையும் அங்கே உண்டு. இரவில் குளிர் பல்லைக் கிட்டியது. வெப்ப நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

வழியில் பாத்தேக் மக்களின் குடில்களைக் கண்டோம். ஓராங் அஸ்லி இனத்தவரான அவர்கள், பூங்காவுக்குக் கோடு கிழிப்பதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள். இன்றும் சட்டப்படி பூங்காவுக்குள் வாழ்கின்றனர். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க அவர்கள் முன் வரிசையாய் நிற்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் வீட்டு வாசலில் போய் நாம் அப்படி நிற்போமா?

காவல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஹப்பேக் எதற்காக அதிகம் வருந்தினாரோ அந்தக் காண்டாமிருகம் தீபகற்பக் காடுகளில் இப்போது இல்லை. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. காட்டில் உள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு காட்டியது. எல்லைக்கோடு அப்படியே இருக்க, கம்பிக் கண்ணி வைப்பவர்கள் உள்ளே நுழைகிறார்கள்.

மாணவர்களோடு சென்ற அன்றிரவு 'பும்புன்' என்னும் மரக் குடிலில் தங்கினோம். எதிரே விலங்குகள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடம். இரண்டிரண்டு பேராகக் கண் விழிப்பது என்று முறை வைத்தோம். காவல் எதற்கு என்று கேட்ட அந்த மாணவன், தன் முறை முடிந்தும் படுக்கவில்லை. அவனுடைய பாட்டனார் யானையை விரட்ட டின் தட்டியவராம். அதை எங்கள் காதோடு காதாகச் சொன்னான். பிறகு பக்கத்தில் யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபோது, "சத்தம் போடாதடா, வராமப் போயிடும்" என்று அதட்டினான்.

விடியும்வரை நாங்கள் எதையும் காணவில்லை. காலையில் வழிகாட்டி அழைத்துச் சென்று சேற்றில் புதிய கால் தடங்களைக் காட்டினார். தாப்பிர் வந்து போயிருக்கிறது. எல்லாரும் கண்ணயர்ந்த சிறிது நேரத்தில்தான் வந்திருக்க வேண்டும். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு மூன்று விரல் என்று அவர் சொல்ல, மாணவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தடமாக எண்ணிப் பார்த்து, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். படகுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.