பட்டறையிலிருந்து பட்டத்துக்கு

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் தொடங்கியபோது அது கல்லூரி அல்ல. மைக்கேல் டாப்பிங் 8 பையன்களோடு ஆரம்பித்த நில அளவைப் பள்ளி. நிலத்தை அளக்கவும் வரைபடம் போடவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளிதான் 1859-இல் பொறியியல் கல்லூரி ஆனது. சென்னையில் 1916-இல் தொழிற்பள்ளியாகப் பிறந்தது 1946-இல் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆயிற்று. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொழிற்கூடம் தொடங்கியது 1926-இல். பாலிடெக்னிக் வந்தது 1939-இல், பொறியியல் கல்லூரி 1951-இல். நம் ஊரில் பட்டறைதான் மூத்தது. பட்டம் பிறகு வந்தது.

நிறுவனங்கள் இப்படி மேலே ஏறின. அங்கே கை வேலை கற்றவர்கள் ஏறினார்களா என்பதுதான் என் கேள்வி. ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, பாலிடெக்னிக் போய், வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர பி.இ. படித்தவன் நான். இன்று டிப்ளமோ வகுப்பில் பாடம் எடுக்கிறேன்.

1950-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைவினைஞர் பயிற்சித் திட்டம்தான் இன்றைய ஐ.டி.ஐ.க்களுக்கு அடிப்படை. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தொழிற்சாலைக்கு ஆட்களைத் தயார் செய்வது அதன் வேலை. சான்றிதழ் வாங்கியவன் மேலே படிப்பான் என்று அன்று பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. படிக்க நினைத்தவர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. தேர்வு இருந்தது. அதை நடத்திய இந்தியப் பொறியாளர் கழகம் 1920-இல் பதிவானது நம் சென்னையில்தான். 1935-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி இரண்டையும் தேறியவரை, வேலைக்கு பி.இ.க்கு இணையாக அரசு ஏற்றுக்கொண்டது. வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. நான் வேலை பார்த்த ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த அண்ணன் ஒருவர் இரவு ஷிஃப்டில் டீ இடைவேளையில்கூட ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொள்வார். ஓரமெல்லாம் கிரீஸ் விரல் பதிந்த புத்தகம். “தம்பி, எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதி, படிப்பை மட்டும் விட்டுவிடாதே” என்று சொன்னவர் அவர்தான். 2013 மே 31-க்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ.யில் சேர்ந்தவர்களுக்கு அந்த இணை அங்கீகாரம் இல்லாமல் போனது.

மிஞ்சியிருக்கும் பெரிய வழி லேட்டரல் என்ட்ரி. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவந்திருக்கிறது. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கிய ஏற்பாடு இது. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மிச்சமாகும் அந்த முதல் வருடத்தில்தான் கணிதத்தின் அடிப்படை நடக்கிறது. பி.இ.யில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும். நேரே உள்ளே வருகிற டிப்ளமோ பையன் மூன்றாம் செமஸ்டரில் முதலில் சந்திப்பது ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ். அங்கே அரியர் விழுகிறது, மனம் உடைகிறது. “சார், எனக்குக் கணக்கு வராது” என்று அவனே முடிவு கட்டிவிடுகிறான்.

அது உண்மையல்ல. லேத்தில் டேப்பர் பிடிக்கிற எந்த டர்னரும் கணக்குப் போடுகிறவன்தான். ஒரு முனையில் 40 மி.மீ., மறுமுனையில் 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. என்று டிராயிங் வந்தால், விட்ட வித்தியாசமான 10-ஐ நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுப்பான், 0.1 வரும். டேன் அட்டவணையில் பார்த்து, காம்பவுண்ட் ரெஸ்ட்டை 5 டிகிரி 43 நிமிடத்துக்குத் திருப்பி வைப்பான். இது முழுக்க முழுக்க முக்கோணவியல். கல்லூரிக் கரும்பலகையில் அதே டேன் தீட்டா வரும்போது லேத் பக்கத்தில் இல்லை. அவனும் அதை அடையாளம் காண்பதில்லை. என் வகுப்பில் நான் முதலில் இந்த டேப்பர் கணக்கைத்தான் போடச் சொல்வேன். பிறகு சரிவு என்றால் என்ன என்று கேட்பேன். அங்கிருந்து டிஃபரன்ஷியேஷனுக்குப் போவது எளிது.

ஆசிரியர்களுக்கும் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: லேட்டரல் என்ட்ரியில் வருகிற பிள்ளைகளுக்கு, செமஸ்டர் தொடங்குமுன் ஒரு மாதம் தனியாகக் கணித வகுப்பு வையுங்கள். அவர்கள் கையில் இருக்கும் தொழிலிலிருந்தே அதைத் தொடங்குங்கள். சீட் கொடுத்ததோடு நம் கடமை முடியவில்லை. அந்தப் பிள்ளை பட்டம் வாங்கும் வரை இருக்கிறது.