தாய் மறுத்த கரு

1925ஆம் ஆண்டு ஃப்ரீட்ரிக் லைபாக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆளிச்செடி வகையைச் சேர்ந்த இரு சிற்றினங்களைக் கலந்து பெற்ற விதைகளைப் பற்றி எழுதினார். விதைகள் சூம்பியிருந்தன, மண்ணிலிட்டால் முளைக்கவில்லை. இரு இனங்களும் ஒவ்வாதவை என்று அத்தோடு விட்டிருக்கலாம். லைபாக் விதையைப் பிளந்து உள்ளிருந்த கருவை வெளியே எடுத்தார். சர்க்கரைக் கரைசலில் நனைத்த பஞ்சின்மேல் வைத்தார். கரு வளர்ந்தது, செடியானது, பூத்துக் காய்த்தது.

கருவில் குறையில்லை, அதைச் சூழ்ந்து ஊட்டவேண்டிய திசு கைவிட்டதே காரணம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. விதைக்குள் கருவுக்கு உணவாக இருப்பது முளைசூழ்தசை. நாம் சோறாக உண்பதும் நெல்லின் அந்தத் தசையைத்தான். அந்நியக் கலப்பில் பெரும்பாலும் முதலில் நிலைகுலைவது இதுவே. கருவைத் தனியே வளர்க்கலாம் என்பதை ஹான்னிக் என்பவர் 1904லேயே முள்ளங்கிக் குடும்பத்துச் செடிகளில் காட்டியிருந்தார். ஆனால் சாகவிருக்கும் கலப்புக் கருவைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தலாம் என்று கண்டது லைபாக்கின் நுட்பம். தாவரக் கலப்பின் வரலாற்றில் இதைவிட எளிய கருவிகளோடு நிகழ்ந்த பெரிய பாய்ச்சல் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த உத்தி ஒரு கண்டத்தின் உணவைத் தொட்டது 1990களில். ஆப்பிரிக்காவுக்கெனத் தனி நெல் உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது அது. அகன்ற இலைகளால் களையை அமுக்கும். வறட்சியையும் உள்ளூர்ப் பூச்சிகளையும் தாங்கும். ஆனால் மணி உதிரும், தாள் சாயும், விளைச்சல் குறைவு. பிற்காலத்தில் வந்த ஆசிய நெல் நிறைய விளைந்தது, களைக்குத்தான் தோற்றது. இரண்டையும் கலக்கும் ஆசை பழையது. பிறந்த கலப்போ மலடு.

ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே நகருக்கருகே, மேற்கு ஆப்பிரிக்க நெல் மேம்பாட்டுச் சங்கத்தின் நிலையத்தில், சியரா லியோனைச் சேர்ந்த மான்டி ஜோன்ஸ் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இதை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். கலப்புச் செடியின் மகரந்தம் உதவாது. ஆனால் சூல்களில் சில உயிர்ப்புள்ளவை. அவற்றின்மேல் ஆசிய நெல்லின் மகரந்தத்தைத் தூவினார்கள். உருவான கரு மடியும்முன் அதை நுண்ணோக்கியின் கீழ் அகழ்ந்தெடுத்து, உப்புகளும் சர்க்கரையும் கலந்த கூழில் வளர்த்தார்கள். ஆசியப் பெற்றோருடன் மீண்டும் ஒருமுறை கலந்தபோது மலட்டுத்தன்மை குறைந்தது. மகரந்தப்பைகளை வளர்ப்புக் கூழில் இட்டு, ஒற்றைத் தொகுதி குரோமோசோம்கள் கொண்ட நாற்றுகளைப் பெற்று, அத்தொகுதியை இரட்டிப்பாக்கினால் குணம் மாறாத வழி உடனே கிடைக்கும். பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு வந்த ரகங்களுக்கு நெரிக்கா, அதாவது ஆப்பிரிக்காவுக்கான புதிய நெல், என்று பெயர். 2004இல் ஜோன்ஸுக்கும் சீனத்தின் யுவான் லாங்பிங்குக்கும் உலக உணவுப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்குள், 2002இல் மூண்ட உள்நாட்டுப் போரால் ஆய்வாளர்கள் புவாக்கேயை விட்டு வெளியேறியிருந்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். முதல் கலப்பில் பாதி, அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால். இருமுறை ஆசியப் பெற்றோரிடம் திரும்பிய நெல்லில், சராசரியாக, எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க நெல். வளமூட்டத் தந்த விலை அது. களையை அமுக்கும் குணம் அந்த எட்டிலொன்றில் தங்கியதா என்பதை ஒவ்வொரு ரகத்திலும் தனியே சோதித்தாக வேண்டும். இரண்டு நெல்லின் நற்குணங்களும் ஒன்றில் சேர்ந்துவிட்டன என்று பரப்பப்பட்ட வாசகம் இதைச் சொல்வதில்லை.

2009இல் பால் ரிச்சர்ட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னொரு செய்தியை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க உழவர்களின் வயல்களில் திரட்டிய நெல் ரகங்களின் மரபணுவை ஒப்பிட்டபோது, நெரிக்காவோடு தொடர்பில்லாத, இரு இனங்களும் கலந்த புதிய வகைகள் அவற்றில் இருந்தன. இரு நெல்லும் ஒரே வயலில் அருகருகே பூக்கும் நாடு அது. எப்போதோ நேர்ந்த அபூர்வக் கலப்பு ஆய்வகம் இல்லாமலே பிழைத்து, அண்டை நெல்லோடு மீண்டும் கலந்து, வளம் பெற்றிருக்கிறது. அறுவடையில் மற்றவற்றைப்போல் இல்லாத கதிரைக் கண்டு, அதை விதைக்கென்று தனியே முடிந்துவைத்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.