ஊவாத் தோட்டத் திருச்சபைகளில் ஆவியின் வரங்கள்

திருச்சபையின் பணிக்கெனத் தூய ஆவியானவர் விசுவாசிகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் ஆற்றல்களே ஆவியின் வரங்கள். கத்தோலிக்கர் அருங்கொடைகள் என்பர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்குதல் ஆகியவற்றோடு போதித்தல், உதவிசெய்தல், நிர்வகித்தல் ஆகியவற்றையும் பவுல் சேர்த்தே எண்ணுகிறார். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் வரம் என்றதும் நினைவுக்கு வருவன முதல் மூன்றுமே. ஆனால் அங்கே சபையைத் தாங்கி நின்றவை பின்னைய மூன்றும்தான். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் (அன்றைய பெயர் அப்படி) திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்தது. குருப்பட்டம் பெறாத அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் கற்பித்தார்கள். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்காரவும் பொதுநிலையினரின் பணியையும் சிறு சமூகங்களையும் முன்னிறுத்தினார்.

அதிசய வரங்கள் 1920களில் பெந்தெகொஸ்தே இயக்கத்தோடு இலங்கைக்கு இறக்குமதியானவை என்று சிலர் தள்ளிவிடுவது சரியன்று. கொழும்பில் பாஸ்டர் பால் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கியது அக்காலத்தில்தான். ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், உபதேசிமார் வந்த அதே திருநெல்வேலியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பதிவாகியுள்ளன. அருளப்பன் மிஷனரி ரேனியஸிடம் பயின்றவர். மிஷனரி அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் தோழர். பொறுமையாக வேதம் கற்பித்த கூட்டத்துக்குள்ளேயே அந்த அனுபவமும் எழுந்தது. போதனையையும் பரவசத்தையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதைக் கவனிப்பதில்லை.

வரங்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றால், ஆவியானவர் தம் சித்தப்படி கொடுப்பதை மனிதர் எப்படிப் பயிற்றுவிக்க முடியும் என்பது வலுவான மறுப்பு. வரத்தைக் கொடுக்கும் பயிற்சி எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறிப்பிட்ட ஒலிகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து அந்நியபாஷை வந்துவிட்டது என்று அறிவிப்பது வெறும் பழக்கமே. ஆனால் கிடைத்த வரத்தைக் கையாளும் முறையைக் கற்கலாம். அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரம் இரண்டு மூன்று பேரே பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும், அர்த்தம் சொல்பவர் இல்லாவிட்டால் அந்நியபாஷைக்காரர் சபையில் அமைதியாக இருக்கட்டும் என்று ஒழுங்கு வகுக்கிறது. கற்க முடியாத ஒன்றுக்கு இத்தனை விதி எதற்கு?

இந்த நிதானிப்புக்கு லயத்துச் சபை பெரிய கூட்ட மைதானத்தைவிட ஏற்ற இடம். பேசுபவரின் கடனும் குடும்பச் சண்டையும் பக்கத்துக் காம்பரா வீட்டாருக்குத் தெரியும். சொன்னது நடந்ததா என்பதும் தெரியும். அதே நெருக்கத்தால் பாஸ்டரையோ சொந்தக்காரரையோ மறுத்துப் பேசுவது கடினம் என்பதும் உண்மை. திருமணம், வெளிநாட்டு வேலை, காணிக்கை பற்றி வரும் தீர்க்கதரிசனத்தை அந்த வீட்டார் தனியே ஏற்காமல், அதனால் ஆதாயம் பெறாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆராய வேண்டும். நோய்க்கு ஜெபிப்பதிலும் இதே ஒழுங்கு பொருந்தும். ஜெபித்தவர் மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை பெற்றவரல்லர். நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லும் பெண்ணின் உதவியும் பவுல் எண்ணிய வரங்களுள் ஒன்றே.