ஒரே முகம் தேடிய நாடு

நாடு ஒன்றானால் மொழியும் ஒன்றாக வேண்டும், பண்பாடும் ஒன்றாக வேண்டும், எண்ணமும் ஏக்கமும்கூட ஒன்றாக வேண்டும் என்று முழங்குவோர் எந்நாட்டிலும் உண்டு. கனடாவிலும் இருந்தனர். தமக்கென ஒரு தேசிய முகம் இல்லையே என்று அங்கே ஏடுகள் ஏங்கின, மேடைகள் புலம்பின, அறிஞர்கள்கூட அங்கலாய்த்தனர். அந்தப் புலம்பல் நடுவே, 1967-இல், நாடு தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், வரலாற்றாசிரியர் ஒருவர் அமைதியாக ஒரு கருத்தை எடுத்துவைத்தார். இல்லாத ஒரே முகத்தை எண்ணி அழுவதை விடுத்து, இருக்கின்ற பல முகங்களை, வட்டாரத்தால், இனத்தால், வர்க்கத்தால் அமைந்த அடையாளங்களை, உணர்ந்துகொள்ள முயல்வோம் என்பதே அவர் உரைத்ததன் சாரம்.

அவர் பெயர் ராம்சே குக். 1931-இல் சஸ்காட்செவான் மாகாணத்தில் பிறந்து, டொராண்டோ பல்கலைக்கழகத்திலும் பின்னர் யார்க் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 2016-இல் மறைந்தவர். 'வரையறைக்குட்பட்ட அடையாளங்கள்' என்று அவர் தொட்ட கருத்தை, 1969-இல் கேர்லெஸ் என்ற மற்றொரு வரலாற்றாசிரியர் விரிவாக வளர்த்தெடுத்தார்.

இக்கருத்தின் வன்மையை உணர, கனடா பிறந்த கதையைக் காண வேண்டும். 1867 ஜூலை முதல் நாள் ஒண்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகிய நான்கு மாகாணங்களும் கூட்டாட்சியாக இணைந்தன. சட்டம் செய்தது இலண்டன் நாடாளுமன்றம். அண்டை நாடாம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஈராண்டே ஆகியிருந்தது. மாநிலங்களுக்கு அளவுக்கு மீறி அதிகாரம் தந்ததன் விளைவே அப்போர் என்று கருதினார் முதற் பிரதமர் ஜான் மெக்டொனால்டு. ஆகவே எஞ்சிய அதிகாரங்கள் ஒட்டாவாவிடம் சென்றன. மாகாணங்கள் இயற்றும் சட்டத்தைத் தள்ளுபடி செய்யும் உரிமையும் அங்கேயே குவிந்தது. பிறகு கியூபெக் ஏன் இணைந்தது? கல்வியும் உரிமையியல் சட்டமும் மாகாணத்தின் பொறுப்பில் விடப்பட்டன. பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்கள் அவற்றைத் தம் வாழ்வின் அரணாகக் கண்டனர்.

ஆக, ஒரே சட்டத்தை இரு சாரார் இரு விதமாகப் படித்தனர். வலிமைமிகு மத்திய அரசே நாட்டின் உயிர் என்றார் டொராண்டோவின் பெரும்புகழ் வரலாற்றாசிரியர் டொனால்டு கிரெய்ட்டன். இருபண்பாட்டுக் கொள்கை ஒரு கட்டுக்கதை என்று 1966-இல் எழுதினார். இரு தேசங்கள் செய்துகொண்ட ஒப்பந்தமே கனடா என்றனர் கியூபெக் தேசியவாதிகள்.

குக் எந்தப் பக்கம் நின்றார்? வரலாற்று ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, 'ஒப்பந்தம்' என்ற கொள்கை காலத்துக்குக் காலம் எப்படி உருமாறிற்று என்று 1969-இல் வெளிவந்த ஆய்விலே காட்டினார். முதலில் அது மாகாண உரிமைக்கான வாதம்; பிறகுதான் சிறுபான்மையினர் உரிமைக்கான வாதம். இரண்டும் எப்போதும் ஒன்றாகச் செல்லவில்லை! மனிடோபா 1890-இல் தன் மாகாண அதிகாரத்தைக் கொண்டே பிரெஞ்சு மொழியின் ஆட்சியுரிமையைப் பறித்தது. அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 1979 வரை, எண்பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒண்டாரியோ 1912-இல் பிரெஞ்சு வழிக் கல்வியைத் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்தியது. 1916-இல் ஒட்டாவா நகரத்துக் கீக் பள்ளியில், பிரெஞ்சு மொழி கற்பித்த ஆசிரியைகளைக் காக்கத் தாய்மார் தொப்பி ஊசிகளை ஏந்திக் காவல் நின்றனர். தம் மக்களின் நாவைக் காக்க ஊசியே ஆயுதம்! மாகாண சுயாட்சி வேண்டும். அந்த ஆட்சிக்குள்ளே வாழும் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பும் வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது நழுவும். இதுவே அந்த ஆய்வு நமக்குத் தரும் அரிய பாடம்.

தேசிய அரசு வேறு, தேசியவாத அரசு வேறு என்று பிரித்துக் காட்டினார் குக். முன்னது குடிமக்கள் அனைவரையும் சமமாக ஏற்பது. பின்னது ஒரு கூட்டத்தின் பண்பாட்டையே நாட்டின் பண்பாடாக்க முனைவது. ஆங்கிலத் தேசியவாதமும் சரி, கியூபெக் தேசியவாதமும் சரி, இந்த இரண்டாவது நோயையே பரப்பும் என்று அஞ்சினார்.

அச்சம் வீணன்று. 1917-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது கியூபெக் கொதித்தது. மறு ஆண்டு கியூபெக் நகரத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. 1960-இல் கியூபெக் விழித்தெழுந்தது. 1969-இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள் என்று சட்டம் வந்தது. பிரிவினை பற்றி 1980-இல் வாக்கெடுப்பு, 1995-இல் மீண்டும். இரண்டாம் முறை ஒன்றியம் பெற்றது 50.58 விழுக்காடு, பிரிவினை பெற்றது 49.42 விழுக்காடு! இழையளவில் தப்பிற்று ஒரு நாடு.

குக் கருத்திலும் குறை உண்டு. பியர் ட்ரூடோவின் நண்பராய், 1968-இல் அவரது தலைமைக்கு ஆதரவாய் நின்றவர் அவர். தனிமனித உரிமையே போதும் என்ற ட்ரூடோவின் நம்பிக்கை 1982-இல் அரசியல் சட்டமாயிற்று. ஆனால் கியூபெக் அரசின் இசைவைப் பெறாமலே ஆயிற்று. அந்தப் புண் ஆறவில்லை. கியூபெக் மக்கள் ஒன்றுபட்ட கனடாவிற்குள் ஒரு தேசிய இனம் என்று 2006-இல் நாடாளுமன்றம் தீர்மானித்தது, தனிமனித உரிமை மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமல்லவா? ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்ற கணக்கிலே பழங்குடி மக்கள் இடம்பெறவே இல்லை என்பதோ அதனினும் பெரிய பிழை. அவர்தம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கடித்த விடுதிப் பள்ளிகளுக்காக அரசு 2008-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

நம் அரசியல் சட்டமும் கனடாவைப் போன்றே எஞ்சிய அதிகாரங்களை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. மாநில உரிமையை ஆராய்ந்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. ஆகவே கனடாவின் கதை நமக்கு அந்நியக் கதையன்று.

ஒருமை என்பது ஒரே நிறம் பூசுவதன்று; பல நிறமும் தத்தம் ஒளி குன்றாது இருக்க இடங்கொடுப்பது. வற்புறுத்திப் பெறும் ஒற்றுமை ஒரு வாக்கெடுப்பில் ஆட்டங்காணும். ஒப்பிப் பெறும் ஒற்றுமை, பிணக்குகளுக்கிடையேயும் பிழைத்திருக்கும்.