பிரசவித்த தாய்மார்க்குக் கடும் ஃபுளூ நுரையீரல் அழற்சி: தீவிர சிகிச்சை

பிரசவத்திற்குப் பின் முதல் 2 வாரங்களில் ஃபுளூ நுரையீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். 2009-இல் பரவிய எச்1என்1 இதனை உணர்த்தியது. காய்ச்சலுடன் மூச்சுத்திணறல் இருப்பின், ‘பச்சை உடம்பு, களைப்புதான்’ என வீட்டார் காத்திருத்தல் கூடாது. ஓசல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்திற்குள் தொடங்குதல் நலம். பரிசோதனை முடிவுக்காகத் தாமதிக்க வேண்டியதில்லை.

ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழிறங்கினாலோ, நிமிடத்திற்கு 30 முறைக்கு மேல் மூச்சுவிட்டாலோ 108 ஊர்தியை அழைக்கவும். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவிலுள்ளதால், விடியட்டும் என்றிருத்தல் ஆபத்தானது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் போதாதபோது செயற்கைச் சுவாசம் அளிக்கப்படும். குப்புறப் படுக்கவைத்தலும் உதவும். இதயத் தளர்ச்சி, நுரையீரல் இரத்தக்கட்டு ஆகியவையும் இவ்வாறே மூச்சிரைக்கச் செய்யும் என்பதால் எக்கோ பரிசோதனை தேவைப்படலாம்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பீய்ச்சிய பாலை நலமுள்ள ஒருவர் குழந்தைக்குப் புகட்டலாம்.