உப்புக் காற்றும் இரட்டை அலைவரிசையும்

இலங்கையின் வானொலி வரலாறு கொழும்புத் தந்தி அலுவலகத்தில் தொடங்குகிறது. அங்கு பொறியியலாளராயிருந்த எட்வேர்ட் ஹாப்பர், முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிகளைக் கொண்டு ஒலிபரப்பியைக் கட்டினார். 1920களின் முற்பகுதியில் அதிலிருந்து கிராமபோன் இசை பரவியது. ஆர்வலர்களைக் கூட்டி அவர் ஒரு கழகமும் அமைத்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி பிறந்தது.

அந்த ஆர்வலர் மரபின் இன்றைய வாரிசுகளே 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தென்கரையை அழித்தபோது தொலைபேசிகள் செயலிழந்தன. விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தார் அம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவியுடன் சென்று, மின்கல வலுவில் கொழும்புடன் பேசினர். இடைத்தூரம் 150 கிலோமீற்றருக்கு மேல். அதே நாளில் அந்தமானில் இருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத்தும் போர்ட் பிளேயரிலிருந்து உலகிற்குச் செய்தி அனுப்பினார்.

வடக்கின் அனுபவம் வேறு. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்திற்கு மின்கலங்கள் வர அனுமதியில்லை. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கருவி இருந்தும் வலு இல்லாவிடில் பயனில்லை என்பதை நம்மவர் அன்றே கற்றனர்.

இனி மதுரங்குளிக்கு வருவோம். அங்கு புதிதாக உரிமம் பெறுபவர் முதலில் தேடுவது, 2 மீற்றர், 70 சென்ரிமீற்றர் ஆகிய இரு அலைவரிசைகளிலும் பேசும், வாகனத்தில் பொருத்தும் கருவியையே. விலைப்பட்டியலைப் புரட்டுமுன் பூமியின் வளைவைக் கணக்கிடுவது நன்று. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இரு முனைகளிலும் அன்டெனா 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் எட்டும் தூரம் ஏறத்தாழ 26 கிலோமீற்றர். புத்தளம் நகரம் கிட்டும். கற்பிட்டியும் சிலாபமும் நழுவிவிடும். 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்போ, உயரத்தில் அமைந்த மறுபரப்பியின் தயவிலேயே கிட்டும். பேரிடரில் அந்த மறுபரப்பிக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா?

5 வாற்றுக் கைக்கருவிக்குப் பதில் 50 வாற்றுக் கருவி வாங்கினாலும் அடிவானம் விலகாது. எட்டும் எல்லைக்குள் குரல் தெளிவாகும், அவ்வளவே. அதுவும் ஒலிபரப்பும்போது 10 அம்பியருக்கு மேல் மின்னை உறிஞ்சும். ஆகவே, பெட்டியில் மிதமாகச் செலவிட்டு, உயர்ந்த கம்பத்திற்கும் நல்ல இணைப்புக் கம்பிக்கும் 12 வோல்ற்று மின்கலத்திற்கும் மீதியை ஒதுக்குவதே விவேகம். புத்தளம் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மண். கடற்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். அவற்றை நீர் புகாதவாறு சுற்றி, பருவந்தோறும் சோதிக்க வேண்டும்.

இரட்டை அலைவரிசைக் கருவி அயலவரோடு பேசக் கற்றுத்தரும் நல்ல ஆசான். ஆனால் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தது சிற்றலை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் அனுமதிக்கும் அளவில், அடுத்த சேமிப்பை அதற்கென இப்போதே தொடங்குதல் நலம்.